மூன்று பேருக்குச் சொன்ன காரணம்

கண்டியில் மங்களேஸ்வரிக்குத் தெரிந்தவர்கள் மூன்று பேர். மூன்று பேரிடமும் பொய் சொல்லிவிட்டுத்தான் அன்று காலை பேராதனை பஸ்ஸில் ஏறினாள்.

பகலில் அவள் கணக்கெழுதும் புடவைக்கடை முதலாளி மக்கீனிடம், செத்துப்போன மாமிக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி என்று லீவு கேட்டாள். முஸ்லிம் மனிதர், சைவர்களின் சடங்கைத் துருவிக் கேட்கமாட்டார். மாலையில் அவள் கணிதம் படிப்பிக்கும் டியூட்டரியின் சொந்தக்காரர் தியாகராஜாவிடம் அந்தப் பருப்பு வேகாது. அவரும் யாழ்ப்பாணத்தார், எந்த மாமி, எந்த ஊர் என்று கிண்டுவார். அவருக்குக் காய்ச்சல் என்று சொன்னாள். கட்டிக்கொள்ளப்போகிற விவேகானந்தனிடமோ, வெளிவாரிப் பட்டப்படிப்பையே விட்டுவிட்டதாகச் சத்தியம் பண்ணியிருந்தாள். கலியாணத்துக்கு அவன் போட்ட நிபந்தனை அது. உண்மையைச் சொல்லியிருந்தால் ஒருத்தராவது விட்டிருப்பாரா?

இன்றைக்குப் பிற்பகல் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கடைசிப் பரீட்சை. தவறினால் இனி எழுத விடமாட்டார்கள்.

வழியில், கெட்டம்பேயில் பஸ்ஸைப் பொலிசார் மறித்தார்கள். கொழும்பில் குண்டு வெடித்த கிழமை அது. யாழ்ப்பாணத்து அடையாள அட்டையைக் கண்டதும் அவளை இறக்கிப் பொலிசுக்குக் கொண்டுபோனார்கள்.

"கண்டியில் உன்னைத் தெரிந்தவர் யார்? வந்து கையெழுத்து வைத்தால் விடுகிறேன்" என்றான் சார்ஜன்ட், சிங்களத்தில்.

ஒருவர் போதும். பயத்தில் புத்தி கெட்டு, பலம் சேரட்டுமென்று மூவரின் டெலிபோன் நம்பரையும் கொடுத்தாள்.

மூவரும் வந்தார்கள். இவள் எங்கே போய்க்கொண்டிருந்தாள் என்று சார்ஜன்ட் கேட்டான். செத்தவீட்டுக் காரியத்துக்கு என்றார் மக்கீன். காய்ச்சலில் படுத்திருப்பதாக அல்லவா சொன்னாள் என்றார் தியாகராஜா. கடைக்கு, வேலைக்கு என்றான் விவேகானந்தன்.

சார்ஜன்ட் அவளுடைய பையைக் கவிழ்த்து, பரீட்சை அனுமதி அட்டையை எடுத்து மேசையில் போட்டான்.

"ஒரு தமிழ்ப் பெட்டை, நாலு கதை."

"சோதினைக்குத்தான் போனனான்" என்றாள் மங்களேஸ்வரி.

"பொலிசுல வச்சு என்னைய மடையனாக்கிட்டீங்களே புள்ள. இனிக் கடைப்பக்கம் வராதீங்க" என்று மக்கீன் எழுந்துபோனார்.

"என்ரை டியூட்டரியைப் பூட்டவைக்கப் பாக்கிறீரோ?" என்று சீறிவிட்டுத் தியாகராஜாவும் நழுவினார்.

விவேகானந்தன் மட்டும் பேனாவை எடுத்தான்.

"நான் கையெழுத்து வைக்கிறன். சோதினைக்குப் போகமாட்டனெண்டு இப்ப சொல்லு."

சொல்லலாம். சொல்லிவிட்டு, அவன் வேலைக்குப் போனதும் பஸ் ஏறலாம். நேரமும் இருந்தது. இன்னொரு பொய், அவ்வளவுதானே? ஆனால் மறித்த பொலிசோடு ஒரு வார்த்தை பேச வக்கில்லாமல், அவள் படித்ததைக் குற்றமென்று நிற்கிற இந்த முகத்துக்கு இன்னொரு பொய் சொல்ல நா எழவில்லை.

"போவன்" என்றாள். "எப்ப விட்டாலும் போவன்."

விவேகானந்தன் பேனாவை மேசையில் வைத்துவிட்டு வெளியே நடந்தான். சார்ஜன்ட் பரீட்சை அட்டையைத் தன் மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினான்.