எகில் வாசலில் அடித்த அடி

எகில் என் தங்கையின் புருஷன். எனக்கும் அவனுக்கும் ஏழாம் பொருத்தம். போன செப்டம்பரில், தன் பண்ணை வாசலில் தரையைத் தட்டிச் சோதிக்கப் போன எரிமலை ஆய்வுக்காரர்களான எங்களை டிராக்டரை விட்டுத் துரத்தியவன் அவன்.

எங்கள் தீபகற்பத்தில் சாலையோரத் தொலைபேசிக் கேபிளுக்குள் தலைமுடி கனத்தில் கண்ணாடி இழை ஓடுகிறது. அதில் ஒளியை விட்டால், இழையின் எத்தனையாவது மீட்டரில் தரை அதிர்கிறது என்று கருவி சொல்லிவிடும். அந்த மீட்டர் ஊரில் எந்த இடம் என்பது மட்டும் அதற்குத் தெரியாது. யாராவது இடம் இடமாகச் சம்மட்டியால் அடித்துக் காட்ட வேண்டும். அதற்குத்தான் எகில் விடவில்லை. தொலைபேசிக்காரர்களின் வரைபடம் போதும் என்று நானும் இருந்துவிட்டேன்.

இப்போது அடியில் தீக்குழம்பு ஏறி மறுபடி பூமி உப்புகிறது, ஊரைக் காலி செய்தாயிற்று. சாலைத் தடுப்பருகே என் வேனுக்கு வெளியே நின்று எகில் கத்தினான்.

"கொட்டகையில என் ஆடுங்க பட்டினி கிடக்குது. வழி விடச் சொல்லுடி, கண்ணாடிக் கம்பி ஜோசியக்காரி!"

திரையில், தரை அதிகம் அதிரும் இடத்தைக் காட்டும் சிவப்புத் திட்டு அவன் வாசலைத் தாண்டி ஒரு கிலோமீட்டரில், வெறும் எரிமலைப் பாறைக்காட்டில் இருந்தது. "போய்த் தொலை. ஆனா முதல்ல வாசல்ல சம்மட்டியால நாலு போடு. அப்புறம்தான் ஆடு."

போய் அடித்தான். திரையில் அவன் வாசல் என்று நான் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் ஒன்றும் விழவில்லை. அடிகள் சிவப்புத் திட்டின் நட்டநடுவில் விழுந்தன. அவனைப் போனில் கூப்பிட்டேன். பாவிகள் அந்தத் தொலைபேசிக்காரர்கள், மிச்ச இழையைக் குழிகளில் சுருட்டி வைத்திருக்கிறார்கள். கருவி அதையும் தரை என்று எண்ணி, ஒரு கிலோமீட்டர் தள்ளிக் காட்டியிருக்கிறது.

"எகில், வண்டியில ஏறு! தீக்குழம்பு உன் காலுக்கு அடியில இருக்கு!"

"இப்பத்தானே போன்னே? உனக்கு நாக்கு ஒண்ணா, ரெண்டா?" போனில் சிரித்தான். "போன மாசமும் இதே கதைதான், ஒண்ணும் வெடிக்கல. ஆடில்லாம வரமாட்டேன்."

திரையில் அவன் காலடி மங்கியது. மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கொட்டகைக்குப் போகிறான், மடையன்! கெஞ்சினால் கேட்கிற ஜாதியில்லை.

"அங்க ஆடே இல்லடா! மீட்புக் குழு காலையிலேயே லாரியில ஏத்திடுச்சு."

"சத்தியமா?"

"என் தங்கச்சி மேல சத்தியம்."

வாய்க்கு வந்தபடி திட்டினான். ஆனால் வண்டி திரும்பியது. இரண்டு வளைவு தாண்டியிருப்பான், வாசலிலிருந்து கொட்டகை வரை தரை பிளந்து நெருப்பு எழுந்தது.

தடுப்பில் இறங்கியதும் கேட்டான்: "லாரி எங்க?"

"லாரியும் இல்ல, ஒண்ணும் இல்ல. பொய் சொன்னேன்."

அவன் கையை ஓங்கினான். அதற்குள் அவனுக்குக் காபி கொண்டு வந்த என் தங்கை குறுக்கே வந்து நின்றாள். வேனுக்குப் பக்கத்திலேயே காத்திருந்ததால், போனில் நான் பேசியதெல்லாம் அவள் காதிலும் விழுந்திருந்தது.

"என் மேலயாக்கா பொய்ச் சத்தியம் பண்ணே?" என்றாள்.

ஆமாம், அவள் மேல்தான். அவள் புருஷன் உயிரோடு நிற்கிறான். அன்றிலிருந்து அவர்கள் வீட்டில் என் பேரைச் சொல்வதில்லை. சொல்ல வேண்டாம், போகட்டும்.