மூன்று நிமிடச் சோதனை

பழுது என்று வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்பிய வண்டி எரிபொருள் பம்புகள், தொழிற்சாலையில் அவனைப் போன்ற டெஸ்டர்களின் சோதனை மேசைக்குத்தான் வரும். அவன் பம்பை மாட்டுவான், சுவிட்சைத் தட்டுவான், அழுத்தம் காட்டும் முள் சரியான இடத்தில் நிற்கிறதா என்று பார்ப்பான். மூன்றே நிமிடம். பிறகு கழற்றி, தூரிகையால் ஒரு பச்சைப் புள்ளி வைப்பான். குறை இல்லை என்று பொருள். அனுப்பியவருக்கே அது திரும்பிப் போய்விடும்.

அன்று பதினெட்டாவது பம்பைத் திருப்பியவன் கை அப்படியே நின்றது. அதில் ஏற்கெனவே இரண்டு பச்சைப் புள்ளிகள். ஒவ்வொரு டெஸ்டருக்கும் ஒரு நிறம்; பச்சை அவனுடையது.

அந்த நேரம் பார்த்து மனைவி வந்து நின்றாள். அதே தொழிற்சாலையில் பெட்டி பிரிக்கும் பகுதியில் இருந்தாள். பம்போடு கட்டிவரும் புகார்ச் சீட்டுகளைக் கழற்றிக் கூடையில் போடுவது அவள் வேலை. சீட்டு எதுவும் டெஸ்டர் கண்ணில் படக்கூடாது என்று உத்தரவு.

"என்ன இந்தப் பக்கம்? என்னைப் பார்க்காம இருக்க முடியலையா?"

"ஆசைதான் உங்களுக்கு! முதல்ல இதைப் படிங்க. அந்த ரெண்டு பச்சைப் புள்ளி பம்போட வந்தது." கைக்குள் கசங்கியிருந்த சீட்டை நீட்டினாள்.

'அரை மணி நேரம் ஓடிச் சூடேறிய பிறகுதான் நிற்கிறது. நேற்று மேட்டில் நின்று வண்டி பின்னால் உருண்டது. உள்ளே என் இரண்டு குழந்தைகளும் இருந்தார்கள். மூன்றாவது முறையாக அனுப்புகிறேன். இந்தத் தடவையாவது சூடாகும்வரை ஓட்டிப் பாருங்கள்.'

அவன் அந்தப் பம்பை மாட்டினான். மூன்று நிமிடம் தாண்டியது. முள் அசையவில்லை.

மேற்பார்வையாளர் வந்துவிட்டார். 'மூணு நிமிஷம்' என்பது முதுகுக்குப் பின்னால் அவருக்கு எல்லோரும் வைத்த பெயர்.

"என்னப்பா, பம்புக்குத் தாலாட்டு பாடுறியா? கழட்டு."

"அரை மணி ஓட்டிப் பார்க்கணும் சார்."

"அப்படி ஓட்டினா மிச்சம் நூறு பம்பை யாரு பார்ப்பா, உன் மாமனாரா? சூடேறினா நிக்குதுங்கறது ஓட்டத் தெரியாதவங்க சொல்ற சாக்குப்பா. கழட்டலேன்னா நாளைக்கு இந்த மேசைக்கு வேற ஆளு."

"போட்டுக்கங்க சார். இன்னிக்கு நான்தானே இருக்கேன்."

மனைவி அவன் முகத்தைப் பார்த்தாள்; தடுக்கவில்லை. இருபதாவது நிமிடத்தில் பம்பின் உடல் தொட முடியாதபடி கொதித்தது. சீரான இரைச்சலுக்குள் மெல்லிய கரகரப்பு ஒன்று புகுந்தது. முப்பத்து நான்காவது நிமிடம் முள் நடுங்கியது. பிறகு ஒரேயடியாகப் பூஜ்யத்தில் விழுந்தது.

அவன் சுவிட்சை அணைத்தான்.

"ஒரு பம்புதானேப்பா..." என்று மேற்பார்வையாளர் ஆரம்பித்தார்.

"இந்த மாசம் மட்டும் ஆயிரத்துக்கு மேல புள்ளி வச்சிருக்கேன் சார். காலையில ஏத்தின லாரியையாவது நிறுத்துங்க."

"அது போய் ஒரு மணி நேரமாச்சே." அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அய்யோ, அதுல எது எந்த மேட்டுல நிக்கப் போகுதோ!" என்றாள் மனைவி.

அவன் சீட்டை மேற்பார்வையாளர் கையில் வைத்தான். "அனுப்பினவங்க எல்லாருக்கும் இப்பவே போன் போடுங்க சார். நாம குறையைத் தேடவே இல்ல. தேடாமலே இல்லைன்னு எழுதினா அது பொய். அந்தப் பொய்யை நம்பித்தான் குடும்பம் குடும்பமா வண்டியில ஏறிப் போயிட்டிருக்காங்க."