பெருவிரலை மறைக்கும் புல்

லவினியா ஈரமண்ணில் முழந்தாளிட்டு, பொத்திய கையை நிலத்தில் ஊன்றிப் பெருவிரலை நிமிர்த்திப் பிடித்தாள். புல் அந்த விரலின் அடியைக்கூடத் தொடவில்லை.

"காணாது அம்மா. இன்னும் வளரவேணும்."

அம்மா மக்டலீன் வேலிப் படலையடியில் நின்றாள். வீட்டின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். மேய்ச்சல் நிலம் தெரியட்டும் என்று அப்பாவின் கட்டிலை யன்னலோரம் திருப்பிப் போட்டிருந்தார்கள். நேற்று முழுவதும் அவர் கண் திறக்கவில்லை. காலையில் வந்த தாதி, இனி அதிகம் இல்லை என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

அந்தப் பெருவிரல் அளவு அப்பாவினுடையது. புல் விரல்நுனியை மறைத்த பிறகுதான் அப்பா ஸ்ரனிஸ்லாஸின் மாடுகள் கொட்டிலை விட்டு வெளியே வரும். முந்தி விட்டால் இளவேரை மிதித்துச் சேறாக்கிவிடும்; கோடை முழுவதும் அந்த இடம் மொட்டையாகக் கிடக்கும். அயல் பண்ணைக்காரர்கள் வெயிலைக் கண்டதும் திறந்துவிடுவார்கள். பேர்லினுக்கு வெளியே, பிரண்டன்பேர்க்கின் இந்த மணல் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்த வருடத்திலிருந்து அப்பா ஒருமுறைகூட அவசரப்பட்டதில்லை. ஆனால் மாடுகள் வெளியே பாயும் அந்த ஒரு நாளுக்காகவே குளிர்காலத்தைப் பொறுத்துக்கொள்கிற மனிதர் அவர். நத்தார்ப் பண்டிகை கழிந்ததும் அதைப்பற்றியே பேசத் தொடங்குவார். இந்த வருடம் பேசவில்லை. ஒருநாள் மட்டும், "ஒருக்காப் பாத்திட்டுப் போனால் காணும்" என்றார்.

புல் வளர இரண்டு கிழமையாவது வேண்டும்.

"திற" என்றாள் அம்மா.

"அப்பா ஏசுவார்."

"ஏசட்டும். ஏசுறதுக்கெண்டாலும் கண் முழிப்பார்."

அம்மா வீட்டுக்குள் விரைந்தாள். மின்வேலியைச் சோதிக்க நீளமான பச்சைப்புல்லைப் பிடுங்கிக் கம்பியில் வைத்துப் பார்ப்பது அப்பாவின் வழக்கம். லவினியா தேடினாள். அந்த நீளத்துக்கு ஒரு புல்லும் இல்லை. விரலையே வைத்தாள். சுரீர் என்றது. கையை உதறிவிட்டுப் படலையைத் திறந்தாள்.

முதலில் வந்தது பிளோறன்ஸ், செம்மாடு. பேர்லின் நொய்கெல்னில் இருக்கும் தன் அக்காவின் பெயரைத்தான் அப்பா அதற்கு வைத்திருந்தார். இரண்டு பேருக்கும் பிடிவாதம் ஒன்றுதான் என்பார். அது வாசலில் நின்று காற்றை மோந்தது. பிறகு பின்னங்கால்கள் இரண்டையும் உதைத்து, அந்தப் பெரிய வயிறு குலுங்கத் துள்ளிப் பாய்ந்தது. மற்றவை முட்டி மோதிக்கொண்டு பின்னால் ஓடின. குளிர்காலத்தில் பிறந்த கன்றுகள் வெளிச்சத்தைக் கண்டு திகைத்து நின்று, தாய்களைத் தேடி வால் தூக்கிப் பறந்தன.

லவினியா ஓடிப்போய் யன்னலுக்கு வெளியே நின்றாள். அம்மா அதைத் திறந்து வைத்து, அப்பாவின் தலையை நிமிர்த்திப் பிடித்திருந்தாள்.

"இஞ்சருங்கோ, பாருங்கோ."

அப்பாவின் கண்கள் திறந்திருந்தன. வெகுநேரம் பார்த்தார்.

"பிளோறன்ஸ் நொண்டுறாளோ?"

"இல்லை அப்பா. துள்ளுறாள்."

அவருடைய வாயோரம் அசைந்தது. கொஞ்சம் பொறுத்து, "ஆர் திறந்தது?" என்றார்.

"அதுகளாத் தள்ளிப்போட்டுதுகள்" என்றாள் அம்மா.

"நான் அடிச்ச படலை. யானை வந்தாலும் தள்ளாது."

அம்மா சிரித்துக்கொண்டே முகத்தைத் தோளில் துடைத்தாள். அவர் லவினியாவைப் பார்த்தார்.

"புல்லுக் காணாது பிள்ளை. உள்ளுக்கு விடு."

"ஓம் அப்பா."

வெளியே வந்த மாடுகளைத் திருப்புவது லேசான வேலையில்லை. தீவன வாளியைக் குலுக்கிக் குலுக்கி லவினியாவின் கை சோர்ந்தது. பிளோறன்ஸ் மூன்று தரம் வாசல்வரை வந்து திரும்பி ஓடியது. கடைசிக் கன்றையும் உள்ளே தள்ளித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுத் திரும்பியபோது அம்மா பின்னால் நின்றாள். செபமாலை மணிக்கட்டில் சுற்றியிருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ தெரியவில்லை.

"எல்லாம் உள்ளுக்கு வந்திட்டுதோ?"

"ஓம்."

"அப்ப வா."

லவினியா வாசலில் சப்பாத்துகளைக் கழற்றினாள். சேறு இறுகியிருந்ததால் அவை இலேசில் கழன்று வரவில்லை. அம்மா குனிந்து இழுத்துவிட்டாள்.

அடக்கம் முடிந்த அன்று வீட்டைச் சுற்றி பேர்லினிலிருந்து வந்த கார்கள் நின்றன. லவினியா கறுப்புச் சட்டையோடும் றப்பர் சப்பாத்துகளோடும் மேய்ச்சல் நிலத்தில் இருந்தாள். பிய்ந்து கிடந்த புல்லைக் குளம்படிப் பள்ளங்களில் வைத்துக் குதிக்காலால் அமுக்கிக்கொண்டிருந்தாள். பிளோறன்ஸ் மாமி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"கோப்பி ஆறுது. இஞ்ச என்ன செய்யிறாய்?"

"மிதிச்சுப்போட்டுதுகள் மாமி. அமத்திவிட்டால் வேர் பிடிக்கும்."

மாமி கொட்டில் பக்கம் திரும்பினார். "எது என்ர பேர் வச்ச மாடு?"

மாமிக்கு அது தெரியாது என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். லவினியா தயங்கி, படலைக்கு மேலால் தலையை நீட்டிக்கொண்டு நின்ற செம்மாட்டைக் காட்டினாள்.

மாமி வெகுநேரம் பார்த்தார். "வடிவாத்தான் இருக்கிறாள்" என்றார்.

பிறகு லவினியாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, தன் கறுப்புச் சப்பாத்தை ஒரு குளம்படியின் மேல் வைத்தார்.

"இப்பிடியோ?"

"இன்னும் கொஞ்சம் மெதுவா, மாமி."

இருவரும் அடுத்த குளம்படிக்கு நகர்ந்தார்கள்.