கொதி வந்த பேட்டரி

ஒரு செல்தானே. ஆறில் ஒன்று. மற்ற ஐந்தும் ஓரளவு இருந்தனதானே? ஒரு செல் இறங்கிப் போனதற்காக ஒரு படகு கரை வந்து சேராமல் போய்விடுமா?

மூன்று நாட்களாகப் பொன்னுமணி மனதுக்குள் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் அந்தத் ‘தானே’ வந்து விழும்போது, பொய்ச்சாட்சி சொல்கிற ஒருத்தியின் குரலைத் தனக்குள்ளிருந்தே கேட்பதுபோல இருந்தது.

போடி ஜீப் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் அவர்கள் கடை. கணவன் சுருளிவேல் ஜீப்புகளுக்கு வயரிங் பார்ப்பான். பேட்டரிக்குச் சார்ஜ் போடுவது அவள் வேலை. 1978-ல் அவன் கையில் ஆசிட் பட்டுப் புண்ணாகிக் கிடந்தபோது நாலு நாளைக்கு என்று ஆரம்பித்தாள். ஆறு வருடமாகிவிட்டது. மூடிகளைத் திறந்து, டிஸ்டில்டு வாட்டர் அளவு பார்த்து, கிளிப்புகளை மாட்டிவிட்டால் அப்புறம் யாரிடமும் பேச வேண்டியதில்லை. அதற்காகவே அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது.

கடையில் இரண்டு சார்ஜர்கள் இருந்தன. பழையது ஒரு சாம்பல் நிற இரும்புப் பெட்டி. ஆறு ஆம்பியருக்கு மேல் போகாது. புதியதைப் பங்குனியில் மதுரையிலிருந்து வாங்கி வந்து, பொட்டு வைத்து மேசையில் ஏற்றியிருந்தான் சுருளிவேல். நாற்பது ஆம்பியர். டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஜீப் பேட்டரி தயாராகிவிடும். அதன் பிறகு பழைய பெட்டிப் பக்கம் டிரைவர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

பேட்டரி நிறைந்துவிட்டதா என்று பார்க்க அந்தத் தெருவில் எல்லோருக்கும் ஒரே கணக்குத்தான். செல்லுக்குள் குமிழி கிளம்பிக் கொதி வந்தால் நிறைந்தது என்று அர்த்தம். ஜீப் பேட்டரிக்கு அந்தக் கணக்குப் போதும். வண்டியைக் கிளப்ப ஒரு உதை கொடுத்துவிட்டால் அதன் சோலி முடிந்தது. ஓட்டத்தில் டைனமோ அதை மறுபடி நிரப்பிவிடும். ஆனையிறங்கல் அணைத் தண்ணீரில் ஓடுகிற எஸ்டேட் படகிலிருந்து வரும் பேட்டரி அப்படியல்ல. அது தடித்த தகடு போட்டது. விளக்குக்கும், அடியில் கசிகிற நீரை வெளியே தள்ளும் பம்புக்கும் மணிக்கணக்காகக் கொடுத்து, அடிவரை காலியாகித்தான் கீழே வரும். வேகமாகப் போட்டால் மேலே கொதிக்கும். உள்ளே தகட்டில் சார்ஜ் ஏறியிருக்காது. ஆறு வருடக் கைப்பழக்கத்தில் அவளுக்கு இது தெரியும். தெரிந்துதான் அன்றைக்கு அதைப் புதுப் பெட்டியில் மாட்டினாள். மூன்று மணி ஜீப் வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

கொதி வந்தது. பழக்கத்தில் கை, ஆசிட்டின் கனம் காட்டும் மிதவைக் குழாயை எடுத்து ஒவ்வொரு செல்லிலும் விட்டுப் பார்த்தது. ஐந்தில் மிதவை பாதி உயரத்தில் நின்றது. மூன்றாவது செல்லில், காலி என்று காட்டும் சிவப்புக் கோட்டை விட்டு எழவே இல்லை.

“கொதி வந்திருச்சா?” என்றான் சுருளிவேல், ஜீப்புக்கு அடியிலிருந்து.

“வந்திருச்சு.”

அது பொய் இல்லை. அதுதான் அவளை அதிகமாக வதைத்தது. பொய் என்றால் பொய் சொன்னேன் என்று ஒரு இடத்தில் வைத்துவிடலாம். மூடிகளைத் திருகி, ஈரத் துணியால் மேல்பக்கத்தைத் துடைத்துக்கூடக் கொடுத்தனுப்பினாள்.

அன்று சாயங்காலம் மலையில் ஆடி மழை கொட்டியது. போடிமெட்டுப் பாதையில் ஒரு வளைவு சரிந்து ஜீப்புகள் நின்றுவிட்டன. மறுநாள், மலையிலிருந்து நடந்தே இறங்கி வந்த ஒருவர் டீக்கடையில் சொன்னதாகச் சுருளிவேல் வந்து சொன்னான்: ஏலக்காய் எடுக்கிற பெண்களை அணையில் ஏற்றிப்போன ஒரு வள்ளம் கரைக்கு வரவில்லையாம். எந்த வள்ளம், எத்தனை பேர் என்று அந்த ஆளுக்குத் தெரியவில்லை. சுருளிவேல் அதைச் சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டான். அவள் எதிரே உட்கார்ந்து, சிவப்புக் கோட்டைப் பற்றிச் சொல்ல வாயெடுத்து, ரசம் வேண்டுமா என்று கேட்டாள்.

நாலாம் நாள் பத்து மணிக்கு முதல் ஜீப் இறங்கியது. பொன்னுமணி கடை வாசலுக்கு வந்து நின்றாள். பின்பக்கத்திலிருந்து ஏலக்காய் மூட்டைகளை முதலில் தள்ளினார்கள். அப்புறம் ஒரு கால். முழங்கால்வரை சேறு. அப்புறம் படகோட்டி ஜக்கையன், சாக்கு மடித்துப் போட்ட தோளில் அதே பேட்டரியோடு.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை நாள் தேக்கி வைத்திருந்த அழுகை வரும் என்று நினைத்தாள். வந்தது அடக்க முடியாத சிரிப்பு. தூணைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணே… மத்தவுகள்லாம்?”

“எல்லாரும் நல்லாத்தான் கெடக்காளுக. பதினோரு பேரும். ஒருத்திக்குச் சளி, அம்புட்டுத்தான்.”

பின்னாலேயே காய் எடுக்கிற மொக்கம்மாள் இறங்கினாள். “சளியா? எனக்குக் காது போயிருச்சுத்தா. இவரு போட்ட கூப்பாட்டுல அக்கரையில நின்ன ஆனையே போடிமெட்டத் தாண்டி ஓடிருக்கும்.”

“கத்தலைன்னா நீ இப்ப இங்கன நின்னு வாயடிக்க முடியுமா?”

“நடுத் தண்ணியில மஞ்சு எறங்கிருச்சு பொன்னுமணி. இந்தா இருக்க கை தெரியல. லைட்டு மொதல்ல செவந்துச்சு, அப்பறம் செத்துப் போச்சு. பம்பும் நின்னு போச்சு. தண்ணிக்குள்ள மொட்டை மரமா நிக்குது, எஞ்சினை ஓட்டுனா குத்திக் கிழிச்சிரும். இவரு எஞ்சினை அமத்திட்டு, ஆத்தா காளியாத்தான்னு ஒக்காந்துட்டாரு.”

“ஒக்காந்தேனா? கம்பை வச்சு ஊணி ஊணி…”

“ஊணுனாரு, ஊணுனாரு. நாங்க தூக்குச்சட்டிய எடுத்து எறச்சோம். அரைச்சட்டி சோறு மீதி இருந்துச்சு, அதையும் மீனுக்குப் போட்டாச்சு. அக்கரை ஸ்டோருல காய் ஒணத்துற ஆளு சத்தத்தைக் கேட்டு, அடுப்புலருந்து கொள்ளிக்கட்டைய எடுத்துட்டு ஓடியாந்து ஆட்டுனான். அதைப் பாத்துத்தான் ஒதுங்குனோம். ரெண்டு நாளு அந்த ஸ்டோருலயேதான் கெடை. கஞ்சியும் ஏலக்கா வாடையும்.”

கேட்கக் கேட்கப் பொன்னுமணிக்கு உடம்பெல்லாம் இளகியது. கை கால்கள் ஒவ்வொன்றாகத் தன்னிடம் திரும்பி வருவதுபோல இருந்தது. மொக்கம்மாளின் நனைந்து காய்ந்த சேலையை, ஜக்கையனின் நகத்தில் உறைந்த சேற்றை, எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்க வேண்டும் போலிருந்தது. மூன்று நாட்களுக்குப் பிறகு பசித்தது.

ஜக்கையன் பேட்டரியை இறக்கி வைத்தார். “ஒம்மேல குத்தமில்ல தாயி. படகு வயரு உளுத்துப் போச்சு. எங்கயோ கரண்டு கசிஞ்சிருக்கு. மாப்ளையக் கூட்டிட்டுப் போயி மாத்தணும்னுதான் வந்தேன்.”

உள்ளேயிருந்து சுருளிவேல், “அதான பாத்தேன். நம்ம சார்ஜு மேல இதுவரைக்கும் ஒரு சொல்லு வந்ததில்ல,” என்றான்.

எல்லாம் முடிந்துவிட்டது. யாரும் சாகவில்லை, யாரும் அவளைக் கேட்கவும் இல்லை. பேசாமல் கிளிப்பை மாட்டினால் போதும். ஆனால் அவளுக்குள் இளகிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று அந்த நேரத்தில் பாதியில் நின்றது. இவர் ஊருக்குப் போய் நல்ல வயரை அறுத்துப் போட்டுப் புது வயர் இழுப்பார். அடுத்த தடவை விளக்கு அணைந்தால் தன்னையே திட்டிக்கொள்வார்.

“வயரு இல்லண்ணே,” என்றாள். குரல் எதிர்பார்த்ததைவிடச் சாதாரணமாக வந்தது. “அன்னைக்கு நெறையல. மூணாவது செல்லு செவப்புலதான் நின்னுச்சு. பாத்தேன். பாத்துட்டுத்தான் மூடி அனுப்புனேன்.”

சுருளிவேல் கையில் ஸ்பானரோடு எழுந்து வந்தான். அவன் முகம் சிவந்திருந்தது.

மொக்கம்மாள்தான் முதலில் வாய் திறந்தாள். “அடிப் பாதகத்தி! அப்ப என் சோத்த மீனுக்குப் போட வச்சது நீதானா?” அவள் கண்ணில் கோபம் வந்து, நின்று, பிறகு எப்படியோ நழுவியது. “சொல்லாம இருந்திருந்தா இந்த மனுசன் ஆயுசுக்கும் அந்த வயரையே வஞ்சுக்கிட்டுத் திரிஞ்சிருப்பாரு. போ.”

ஜக்கையன் தலையைச் சொறிந்தார். “போட்டும் தாயி. அதான் வந்து நிக்கிறோம்ல.”

அவர் மன்னித்ததுகூட அவளுக்கு அவ்வளவு பெரிதாகப் படவில்லை. சொல்லியாகிவிட்டது. மூன்று நாட்களாக உள்ளே ஓடிக்கொண்டிருந்த அந்தக் கேள்வி எங்கே என்று தேடிப் பார்த்தாள். இல்லை. சந்தில் யாரோ வெங்காயம் வதக்கும் வாசனை வந்தது. அது எத்தனை நேரமாக வந்துகொண்டிருந்ததோ.

பேட்டரியைப் பழைய பெட்டியின் பக்கம் இழுத்து வைத்தாள். மூடிகளைத் திறந்து, தகடு மூழ்க டிஸ்டில்டு வாட்டர் விட்டு, கிளிப்புகளை மாட்டினாள். முள் ஆறில் போய் நின்றது. பெட்டி மெல்ல உறுமத் தொடங்கியது.

“என்னத்தா, அதுலயா?” என்றார் ஜக்கையன். “எம்புட்டு நேரமாகும்?”

“நாளைக்குக் காலையிலண்ணே. மூணாவது செல்லு ஏறலைன்னா இன்னும் கொஞ்ச நேரமாகும்.”

“நாளைக்கா? மூணு மணி ஜீப்ப விட்டா வேற வண்டி இல்ல தாயி. பேட்டரி இல்லைன்னா எஸ்டேட் தொரை படகை எடுக்க விட மாட்டாரு. இவளுகள்லாம் சுத்து வழியில ஏழு மைலு நடக்கணும்.”

“காலு பூராம் அட்டை ஏறிரும்,” என்றாள் மொக்கம்மாள். “ஏற்கெனவே என் ரத்தத்துல பாதி அதுகிட்டதான் இருக்கு.”

“இன்னிக்கு மழையும் இல்ல, மஞ்சும் இல்ல,” என்றார் ஜக்கையன். அவர் குரலில் கொஞ்சம்கூடக் கடுமை இல்லை; கேட்கவே கூச்சப்படுகிறவர்போல இருந்தது. “அந்த வெரசுப் பெட்டியில ஒரு கொதி மட்டும் குடு தாயி. இன்னிக்கு ஒருநா பொழுது. நான் பாத்துக்கிறேன்.”

சுருளிவேல் புதுப் பெட்டியில் சுற்றியிருந்த வயரைப் பிரித்து அவள் பக்கம் நீட்டினான். “பெரிய மனுசன் கேக்குறாருல்ல? மாத்திப் போடு புள்ள. கொதி வந்ததும் குடுத்து விட்டுருவோம்.”

பொன்னுமணி மிதவைக் குழாயை நீரில் அலசி, வாய் கீழே பார்க்கக் கவிழ்த்து வைத்தாள்.

“இல்லங்க,” என்றாள். “நாளைக்குக் காலையிலதான் தருவேன்.”