ஒதுக்கி வைத்தவை

…அப்படியென்றால் முதலில் விழப்போவது நான்தான், இவர் இல்லை, என்று நினைத்ததும் கை தானாகவே பையின் ஜிப்பை இழுத்து மூடியது. இரண்டு ரத்தப் பரிசோதனைத் தாள்களும் உள்ளேதான் இருக்கின்றன, இவருடையது மேலே, என்னுடையது நாலாக மடித்து மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்கு அடியில். கெட்ட கொழுப்பு இவருக்கு அறுபத்தெட்டு, எனக்கு நூற்றுத் தொண்ணூற்றொன்று. எங்கள் டோக்கன் பதினேழு, இப்போதுதான் பன்னிரண்டு உள்ளே போயிருக்கிறது, இன்னும் அரை மணி நேரமாவது ஆஸ்பத்திரியின் இந்த இரும்பு நாற்காலியில் உட்கார வேண்டும், உட்காரக் கிடைத்ததே பெரிது. பக்கத்தில் இவர் தோல் மண்டிக்குப் போன் போட்டு, உப்புப் போட்ட தோல் லாரியில் ஏறிவிட்டதா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார், குரலில்தான் எவ்வளவு தெம்பு. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தபோது, "சபிஹா, என்னை விட்ராதடி" என்றாரே, அதே குரலா இது? நான் விடவில்லை. எண்ணெய் மூன்று தேக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டிக்கு உள்ளே, சோறு ஒரு கிண்ணம், கீரை இரண்டு கிண்ணம்… தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். நாலு நோட்டு எழுதி முடித்தாயிற்று, இவர் வாய்க்குள் போனதில் ஒரு சுண்டல் கூட விடாமல்.

ஆனால் எனக்கு எப்படி இவ்வளவு? முந்தாநாள் காலை லேப்பிலிருந்து வந்த பெண் இவருக்கு ரத்தம் எடுத்துவிட்டுக் கிளம்பியபோது, "வந்தது வந்துட்டீங்க, எங்க வீட்டம்மாவுக்கும் ஒரு குழாய் எடுத்துருங்க, உள்ள ரத்தம் ஓடுதா, சாயாத்தண்ணி ஓடுதான்னு தெரியட்டும்" என்று இவர்தான் சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்து நீட்டினார். தன் முடிவு வந்ததும் மண்டி முழுக்கச் சொல்லிவிட்டார். என்னுடையதைக் கேட்கவில்லை… மறந்திருப்பார், கேட்கக் கூடாது என்று இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா? சொன்னால் எனக்கும் ஒரு அட்டவணை வரும், எனக்கும் அளந்து, எனக்கும் தனியாக வேக வைத்து, அதை யார் செய்வது, நான்தான் செய்ய வேண்டும். இப்போதே இவருக்கு ஒரு குழம்பு, மகளுக்கு ஒரு குழம்பு. துணி காயப்போட மாடிப்படி ஏறினால் பாதியில் நிற்க வேண்டியிருக்கிறது, நெஞ்சுக்குள் ஈரத்துணியை யாரோ முறுக்கிப் பிழிவதுபோல… நாற்பத்தாறு வயதாகிறது, அசதிதானே என்று இருந்தேன். அசதி எவ்வளவு சௌகரியமான சொல், எதை வேண்டுமானாலும் அதற்குள் போட்டு மூடி வைத்துவிடலாம்.

பதிமூன்று போயிற்று. பதினாலு, ஒரு வேடசந்தூர்க்காரர், மில் சட்டையோடு, தனியாக வந்திருக்கிறார், பாவம், அந்த மனுஷருக்கு வீட்டில் யார் அளந்து கொடுப்பார்கள்? கோழியில் தோல் கூடாது, கறியில் கொழுப்பு கூடாது, பாலில் ஆடை கூடாது என்று சிவப்பு மையில் எழுதித் தந்தார்களே, அதெல்லாம் எங்கே போக வேண்டும் என்று யாரும் எழுதவில்லை. வெள்ளிக்கிழமை கறியிலிருந்து கொழுப்பை ஒதுக்கி வைப்பேன், ஒரு கைப்பிடி தேறும், குப்பையில் போடக் கை வராது. சாப்பிடுகிற பொருளைக் கொட்டினால் வீட்டில் பரக்கத் நிற்காது, இருப்பதும் பெருகாது என்று அம்மா கரண்டியால் முட்டியில் அடித்துச் சொல்லிக்கொடுத்தது. அப்புறம் என்ன, சின்னச் சட்டியில் மிளகு போட்டு வதக்கி, நின்றவாக்கில், இரண்டு வாய். ஆடையில் கொஞ்சம் சீனி. கோழித்தோல் மொறுமொறுவென்று. அது சாப்பாடு என்று எனக்குத் தோன்றியதே இல்லை, சாப்பாடென்றால் உட்கார வேண்டும், தட்டு வேண்டும், யாராவது போட வேண்டும்.

பதினேழு என்று கூப்பிட்டார்கள். உணவு ஆலோசகர் சுகன்யா, சின்னாளப்பட்டிப் பெண், காந்திகிராமத்தில் படித்தது, என் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். இவருடைய தாளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "அறுபத்தெட்டு! சூப்பர் சார். ஆனா இது உங்க மார்க் இல்ல, அக்காவோட மார்க்." இவர் விடுவாரா, "பட்டினி கெடந்தது நான், மார்க்கு அவளுக்காம்மா? ஒன்றரை வருசமா மொட்டைக் கோழி தின்னுட்டுக் கெடக்கேன்." இருவரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இப்போது எழுந்து வாரோம் என்று சொன்னால் போதும், வீட்டுக்குப் போய் உலை வைக்கலாம்… ஏனோ எழுந்திருக்கவில்லை, ஜிப்பைத் திறந்து மடித்த தாளை மேசையில் வைத்துவிட்டேன். சுகன்யா பிரித்துப் படித்தாள், மறுபடியும் படித்தாள், பெயரைப் பார்த்தாள். "உங்களுதாக்கா?" இவர் எட்டிப் பார்த்துவிட்டு, "லேப்புல மாத்திப் போட்டுருப்பாங்கம்மா. இவ என்னத்தத் திங்கிறா? குருவி கொத்துற மாதிரி ரெண்டு வாய், அதுக்குள்ள அடுப்படிக்கு ஓடிருவா" என்றார். பொய் இல்லை, அவர் பார்த்தது அம்புட்டுதான். "மூச்சு வாங்குதாக்கா?" "படி ஏறுறப்ப." "எத்தன நாளா?" "நோம்புக்கு முன்னாடி இருந்தே." இவர் கை தன்னுடைய நெஞ்சுக்குப் போய் அங்கேயே இருந்தது.

"ஈசிஜி எடுத்துட்டு இன்னைக்கே பெரிய டாக்டரப் பாத்துருவோம்க்கா" என்றபடி சுகன்யா புதுத் தாள் ஒன்றை எடுத்தாள். "அதுக்கு முன்னாடி, நேத்து என்னென்ன சாப்டீங்க? காலையிலருந்து சொல்லுங்க, சாருக்கு எழுதுவீங்கள்ல, அது மாதிரி." நேற்றுக் காலையா… இவர் இரண்டு இட்லி, புதினாத் துவையல், இரண்டு முட்டையின் வெள்ளைக்கரு. மகள் ஒரு தோசை, பாதியில் வைத்துவிட்டுக் காலேஜ் பஸ்ஸுக்கு ஓடினாள். நான்? "அந்தப் பாதித் தோசை. அப்பறம் இவருக்கு வெள்ளைக்கரு மட்டுந்தானம்மா… மஞ்சக்கரு வீணாப் போயிருமேன்னு…" "எத்தன மஞ்சக்கரு?" இரண்டு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அடுப்பில் கொதித்த பாத்திரம் கண்ணுக்குள் வந்தது, ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு… நாலு. நாலு முட்டை கிடந்தது. மகள் முட்டையைத் தொடமாட்டாள். எல்லோரும் போன பிறகு வாசற்கதவைச் சாத்திவிட்டு வந்து, உப்பும் மிளகும் தூவி, ஒவ்வொன்றாக… எவ்வளவு ருசியாக இருந்தது. மற்ற இரண்டின் வெள்ளைக்கருவை என்ன செய்தேன்? மதில்மேல் இருந்த பூனைக்கு வீசினேன், நேற்று மட்டும் இல்லை. சுகன்யா பேனாவோடு காத்திருந்தாள், இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்… எப்போதிலிருந்து நான் நாலு அவிக்கிறேன்?