எர்மிலாவின் தொட்டி

சிசால் கடற்கரைப் பெண்கள் சங்கம் ஆக்டோபஸ் வளர்க்கும் கொட்டகையில், எர்மிலாவின் தொட்டியைப் பார்த்தாலே நிதெல்வியாவுக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? ஆறு வருஷமாக உப்புத் தண்ணீரில் கை ஊறக் கிடந்தவள் அவள். நேற்று வந்த எர்மிலாவின் தொட்டியில் நூற்றுக்கு எழுபது குஞ்சு பிழைத்தது. இவளுடையதில் நாற்பதைத் தாண்டவில்லை. முட்டைகளைப் பொரிக்க வைக்கும் முட்டை அறையின் பொறுப்பு யாருக்கு என்று சனிக்கிழமை கைதூக்கி முடிவு செய்யப்போகிறார்கள். அதற்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தாள்.

"என்ன மந்திரம்டி போடுற?" என்று கேட்டாள்.

"மந்திரமும் இல்ல மாயமும் இல்லக்கா. தினம் காலையில பெருசு சிறுசு பிரிச்சுடுறேன். நீங்க ஒருநாள் விட்டு ஒருநாள்தானே பிரிக்கிறீங்க?"

சொன்ன விதத்தைப் பாருங்கள், பாடம் எடுக்கிறாளாம்.

ஆக்டோபஸுக்குச் சொந்தம் பந்தம் கிடையாது. கொஞ்சம் பெருத்துவிட்டால் பக்கத்தில் இருப்பதையே தின்றுவிடும். வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன நேரம், நிதெல்வியா தன் தொட்டியில் இருந்ததிலேயே கொழுத்த ஒன்றை, அது பதுங்கியிருந்த சங்கோடு தூக்கி எர்மிலாவின் தொட்டியில் இறக்கினாள். அன்று நிம்மதியாகத் தூங்கினாள் என்பதுதான் கொடுமை.

மறுநாள் காலை, எர்மிலா பிரிக்கத் தொடங்கும் முன்பே, சங்கத் தலைவி காசில்தா அம்மா ஒவ்வொரு தொட்டியாகப் பார்த்து வந்தாள். எர்மிலாவுடையதில் எட்டுக் குஞ்சு குறைந்திருந்தது. அதை யார் பார்த்தார்கள்? சங்கைத் திருப்பியதும் கையளவு ஆக்டோபஸ் ஒன்று வெளியே வந்து காசில்தாவின் விரலைச் சுற்றிக்கொண்டது.

"அடேயப்பா, இந்த வயசுல இவ்வளவு பெருசா? என்னடி போட்டு வளர்த்த?"

நிதெல்வியாவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. அது என்னோடது, நாலு மாசம் என் கையால நண்டு தின்னது. சொன்னால், இங்கே எப்படி வந்தது என்று கேட்பார்களே.

எர்மிலா குனிந்து அதைப் பார்த்தாள். பிறகு நிதெல்வியாவிடம் வந்து காதோரம் சொன்னாள்: "இது யாரு வீட்டுப் பிள்ளைன்னு எனக்குத் தெரியும்க்கா. சொல்லட்டுமா, வேணாமா?"

எர்மிலா தலைவி பக்கம் திரும்பினாள்.

"நண்டுதாம்மா போட்டேன், வேற ஒண்ணுமில்ல" என்றாள்.

முட்டை அறைக்கு எர்மிலா பெயரைச் சொல்லித் தலைவி கைதூக்கச் சொன்னபோது, எர்மிலா நிதெல்வியாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் உயர்ந்தது நிதெல்வியாவின் கை.