முதலில் வாய் திறப்பவர்

குய்வசல்மி கிராமத்துக் கால்பந்து சங்கத்துக்கு அவுலிஸ் தலைவரானது ஓர் ஏணியால்தான். 1987 மார்ச் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, இரவல் வாங்கியிருந்த ஏணியைத் திருப்பிக் கொடுக்கச் சங்கக் கட்டடத்துக்குப் போனார். உள்ளே ஆண்டுக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. அதுவரை தலைவராக இருந்தவர் ஸ்வீடனுக்கு வேலைக்குப் போய்விட்டார். அடுத்த தலைவர் யார் என்று கேட்டு இருபது நிமிடம் ஆகியிருந்தது. யாரும் பேசவில்லை. ஏணியை எங்கே சாய்த்து வைப்பது என்று தெரியாமல் அவுலிஸ் லேசாக இருமினார்.

கூட்டக் குறிப்பில் ‘ஒருமனதாக’ என்று எழுதினார்கள்.

அப்போது அவருக்கு வயது முப்பத்தேழு. இப்போது எழுபத்து நான்கு. அந்த இருமல் அவர் வாழ்க்கையின் சரிபாதியில் வந்திருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மார்ச்சிலும் அதே கேள்வி கேட்கப்பட்டது. ஒவ்வொரு மார்ச்சிலும் அதே மௌனம். முதலில் வாய் திறப்பவர்தான் தலைவர் என்று எந்த விதியிலும் எழுதியிருக்கவில்லை. எழுதத் தேவையும் இருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, பழைய கோல்கீப்பர் என்சியோ மேசையைப் பார்த்தபடி, “பழைய ஆளே தொடரட்டும்” என்பார். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்பவருக்கு மட்டும் ஆபத்து கிடையாது. பிறகு சமையலறையிலிருந்து ரைலி காபி கொண்டுவருவாள். முதல் கப் தலைவருக்கு. அது முறை.

அவுலிஸ் விலகப் பார்க்காமல் இல்லை. 1994இல் கூட்டத்தில் எழுந்து, போதும் என்று சொன்னார். ‘தலைவர் உரையாற்றினார்’ என்று குறிப்பில் பதிவானது. 2003இல் முறைப்படி விலகல் கடிதம் எழுதினார். விலகல் கடிதத்தைத் தலைவருக்குத்தான் அனுப்ப வேண்டும் என்பது விதி. வெள்ளிக்கிழமை தபாலில் போட்டார். செவ்வாய்க்கிழமை அது அவர் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. பிரித்துப் படித்தார். கடிதத்தில் நியாயம் இருந்தது. ஆனால் தலைவர் தனியாக எதையும் முடிவு செய்ய முடியாது.

அவருக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. மைதானத்தின் மேற்குப் பக்கத்தில் பிர்ச் மரத்தடியில் ஒரு பெஞ்சு இருந்தது. அதில் உட்கார்ந்து ஓர் ஆட்டத்தை முதல் விசிலிலிருந்து கடைசி விசில் வரை பார்க்க வேண்டும். முப்பத்தேழு வருடத்தில் அவர் ஓர் ஆட்டத்தைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. காலையில் கோடு போடுவது, வண்டிகளை நிறுத்த இடம் காட்டுவது, நடுவருக்கு உலர்ந்த துண்டு தேடுவது, எதிரணியின் நீராவிக் குளியலுக்கு சவுனா அடுப்பு மூட்டுவது எல்லாம் அவர் வேலை. தெற்கு கோலுக்குப் பின்னால் ஏரி. பந்து ஏரிக்குள் போனால் படகை எடுத்துக்கொண்டு போவதும் அவர்தான். ஓர் ஆட்டத்துக்கு ஐந்தாறு தடவை போகும். முக்கியமான கோல்களை எல்லாம் அவர் தண்ணீரிலிருந்து காதால் கேட்டுத்தான் அறிந்திருந்தார். சத்தம் வந்தால் நம் கோல். வராவிட்டால் அவர்களுடையது.

சங்கத்துக்கு எழுபத்தைந்து வயது ஆகப்போவதை ஒட்டி வரலாறு எழுதும் பொறுப்பு செயலாளர் ஹில்லாவிடம் வந்தது. ஹில்லா ஏரித் தண்ணீரைப் பரிசோதிக்கும் கூடத்தில் வேலை செய்பவள். அதிகம் பேசமாட்டாள். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு கூட்டத்தின் நடுவே வந்து, பரிசோதனைக்குத் தண்ணீர் எடுக்க உங்கள் படகுத்துறையைப் பயன்படுத்தலாமா என்று கேட்டாள். அப்போது செயலாளர் தேர்தல் நடந்துகொண்டிருந்தது.

அவள் பெட்டி பெட்டியாகப் பழைய தாள்களைப் படித்தாள். 1949இல் மர ஆலைத் தொழிலாளர்கள் பதினான்கு பேர் சேர்ந்து சங்கத்தைத் தொடங்கியிருந்தார்கள். ‘வெற்றி’ என்ற பெயரை அக்கரைக் கிராமம் ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தது. அதனால் ‘முயற்சி’ என்று வைத்தார்கள். உருளைக்கிழங்கு வயலை மைதானமாக்கினார்கள். வடக்கு கோலுக்கும் தெற்கு கோலுக்கும் இடையே ஒரு மீட்டர் நாற்பது சென்டிமீட்டர் சரிவு. இதை ஹில்லாவே அளந்தாள். மிகப் பெரிய தோல்வி 1962இல், பதினேழுக்கு பூஜ்யம். காரணம் என்ற இடத்தில் ‘காற்று’ என்று இருந்தது. மிகப் பெரிய வெற்றி 1985இல், ஒன்பதுக்கு பூஜ்யம். எதிரணியின் வேன் வழியில் ஒரு மூஸ் மானோடு மோதியதால் ஏழு பேர்தான் வந்து சேர்ந்தார்கள். மற்றவர்கள் மானோடு தங்கிவிட்டார்கள். 1978இல் சங்கம் ஒரு டிவிஷன் மேலே ஏறியது. 1979இல் இறங்கியது. அதற்குப் பிறகு ஆறாவது டிவிஷனிலேயே இருந்தது. அதற்குக் கீழே எதுவும் இல்லை.

ஏப்ரல் கடைசியில், ஏரியில் பனி உடைந்து ஒரு வாரம் ஆகியிருந்தபோது, ஹில்லா மைதானத்துக்கு வந்தாள். அவுலிஸ் கோடு போடும் வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தார். அவள் பக்கக் கோட்டுக்கு வெளியே நின்று காத்திருந்தாள். அவர் முழு நீளமும் போய்த் திரும்பி வந்தார்.

“ஒரு சின்ன விஷயம்” என்றாள்.

“சொல்லு.”

“சங்கம் இல்ல.”

“எங்க இல்ல?”

“எங்கயுமே இல்ல. ஏழு வருஷமா.”

கையில் ஒரு கடிதம் வைத்திருந்தாள். புத்தகத்தில் சேர்ப்பதற்காகச் சங்கத்தின் முதல் பதிவுச் சான்றின் நகலைக் கேட்டு எழுதியிருந்தாள். பதில் வந்திருந்தது. சங்கங்கள் தங்கள் நிர்வாகிகளில் மாற்றம் ஏற்பட்டால் பதிவேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். குய்வசல்மி ‘முயற்சி’ சங்கத்திலிருந்து முப்பது வருடமாக எந்தத் தகவலும் வரவில்லை. ஆகவே உயிரோடு இல்லை என்று கருதப்பட்டது. உயிரோடு இருந்தால் சொல்லவும் என்று ஒரு கடிதம் மர ஆலை முகவரிக்குப் போயிருக்கிறது. ஆலையை 1993இலேயே இடித்துவிட்டார்கள். 2017இல் சங்கத்தின் பெயர் நீக்கப்பட்டது.

“மாற்றம் இருந்தாத்தானே தெரிவிக்கிறதுக்கு” என்றார் அவுலிஸ்.

“அதான். ஒண்ணும் மாறல.”

புதிதாக ஒரு சங்கம் தொடங்கி, மே மாத நடுவுக்குள் பதிவு செய்தால் இந்தப் பருவத்தில் ஆடலாம் என்று ஹில்லா விளக்கினாள். புதுச் சங்கங்களை மிகக் கீழ் டிவிஷனில்தான் சேர்ப்பார்கள். அதனால் அந்த வகையில் இழப்பு எதுவும் இல்லை. தொடக்கக் கூட்டம் போட வேண்டும். பெயர், விதிகள், நிர்வாகிகள் எல்லாவற்றையும் முதலிலிருந்து முடிவு செய்ய வேண்டும்.

அவுலிஸ் வண்டியின் கைப்பிடியை விட்டுவிட்டார்.

“அப்போ ஏழு வருஷமா நான் தலைவர் இல்லியா?”

“சட்டப்படி இல்ல.”

அவர் பிர்ச் மரத்தடி பெஞ்சைப் பார்த்தார். அதன் மேல் போன வருடத்து இலைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. பிறகு கைப்பிடியைப் பிடித்துக் கோட்டை முடித்தார். பாதிக் கோட்டை விட்டுவிட்டுப் போவது சரியாக இருக்காது.

அடுத்த வாரம் முழுவதும் அவர் ஒரே ஒரு விஷயத்தை யோசித்தார். பேசக் கூடாது. கேள்வி வந்ததும் மேசையைப் பார்க்க வேண்டும். இருமக் கூடாது. கடைக்குப் போய் இருமல் மிட்டாய் ஒரு டப்பா வாங்கினார். யூகலிப்டஸ், வீரியமானது.

தொடக்கக் கூட்டத்துக்கு ஒன்பது பேர் வந்திருந்தார்கள். ரைலி வழக்கம்போல சமையலறையில். கதவு மூடியிருந்தது. ஏலக்காய் பன் வாசனை வந்தது. கேள்விகளை ஹில்லா வாசிக்க வேண்டும், வாசிப்பவரின் பேச்சு கணக்கில் வராது என்று முன்னதாகவே ஒப்புக்கொண்டார்கள். பெயர் அப்படியே இருக்கட்டும் என்று தலையசைத்து முடிவு செய்தார்கள். விதிகளுக்கும் தலையசைத்தார்கள். ஆறு மணி ஏழு நிமிடத்துக்கு ஹில்லா தலைவர் பதவி பற்றிய கேள்விக்கு வந்தாள்.

“தலைவரா யாரைத் தேர்ந்தெடுக்கலாம்?” என்று தாளைப் பார்த்துக் கேட்டாள்.

மௌனம் வந்து உட்கார்ந்தது. எல்லோருக்கும் பழக்கமான மௌனம்தான். ஜன்னலில் ஓர் ஈ ஏறி இறங்கியது. அவுலிஸ் மேசையில் மரக்கணு ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதையே பார்த்தார்.

ஐந்து நிமிடம் கழித்து என்சியோ நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தார். வருடா வருடம் நகர்வது போலவே.

“பழைய ஆளே…”

“பழைய ஆள்னு யாரும் இல்ல” என்றாள் ஹில்லா. அவள் காது சிவந்திருந்தது. “இது புதுச் சங்கம்.”

என்சியோ வாயை மூடினார். எட்டுப் பேரும் அவரை மெதுவாகத் திரும்பிப் பார்த்தார்கள். தான் முதலில் பேசியிருப்பது அவருக்கும் அப்போதுதான் உறைத்தது.

“வாக்கியம் முடியல” என்றார் என்சியோ. “முடியாத வாக்கியம் சேராது.”

இதை யாரும் மறுக்கவில்லை. மறுக்க வேண்டுமானால் பேச வேண்டும்.

மௌனம் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. ஆறு இருபது. ஆறு இருபத்தைந்து. அவுலிஸின் தொண்டைக்குள் ஏதோ ஒன்று, ஒரு நூல்துண்டு அளவு, அசைந்தது. மிட்டாய் டப்பா கோட்டுப் பையில் இருந்தது. கோட்டு கதவருகே ஆணியில் தொங்கியது. எழுந்து நடந்தால் நாற்காலி சத்தம் போடும். நாற்காலிச் சத்தம் கணக்கில் வருமா என்பது பற்றி முன்னுதாரணம் இல்லை. அவர் எச்சிலை விழுங்கினார். நூல்துண்டு இன்னும் கொஞ்சம் மேலே வந்தது. கண்ணில் நீர் கட்டியது. மேசையின் மரக்கணு இரண்டாகத் தெரிந்தது. எதிரே உட்கார்ந்திருந்த என்சியோ அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அறுபது வருட நண்பர். முகத்தில் இரக்கம் துளியும் இல்லை.

ஆறு முப்பத்தொன்றுக்கு சமையலறைக் கதவு திறந்தது. ரைலி காபி ஜாடியோடு வந்து நின்றாள். முப்பத்தேழு வருடமாக அவள் எல்லாக் கூட்டத்துக்கும் காபி போட்டிருக்கிறாள். ஒரு கூட்டத்தில்கூட உட்கார்ந்ததில்லை. தேர்தல் நேரத்தில் அவள் எப்போதும் கதவுக்கு அந்தப் பக்கம்.

“காபி ஆறுது” என்றாள். “முதல்ல யாருக்கு ஊத்தணும்?”

ஒன்பது பேரும் மேசையைப் பார்த்தார்கள்.

“தலைவர் யாருன்னு சொன்னாத்தானே ஊத்த முடியும்?”

ரைலி ஒவ்வொரு உச்சந்தலையாகப் பார்த்தாள். பிறகு ஒரு கப்பை எடுத்து நிரப்பினாள். மேசையின் தலைப்பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு வாய் குடித்தாள்.

“அப்போ நான்தான். எழுதிக்கோ, ஹில்லா.”

ஹில்லா எழுதினாள். ‘ஒருமனதாக.’

“முதல் தீர்மானம்” என்றாள் ரைலி. “அவங்கவங்க கப்பை அவங்கவங்களே கழுவணும். படகுக்கு என்சியோ. கோல்கீப்பரா இருந்தப்போ விட்ட பந்தெல்லாம் எங்க போச்சுன்னு அவருக்குத்தான் நல்லாத் தெரியும்.”

அப்போதுதான் அவுலிஸ் இருமினார். நீண்ட நேரம் இருமினார். யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. காபி அவருக்குக் கடைசியாக வந்தது. ஜாடியின் அடியில் இருந்த தூளோடு, ஆறிப்போய். அவர் மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுக் கப்பைக் கழுவினார். கப்புத் துடைக்கும் துணி எங்கே இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்துகொண்டார்.

வரலாற்றுப் புத்தகத்தை என்ன செய்வது என்று ஹில்லா புதுத் தலைவரிடம் கேட்டாள். கேக்கில் எழுபத்தைந்து என்று போடச் சொல்லியாகிவிட்டது, ஆகவே எழுபத்தைந்துதான் என்றாள் ரைலி. ஹில்லா கடைசி அத்தியாயத்தில் ஒரு பத்தி மட்டும் சேர்த்தாள். 2017 முதல் 2023 வரை சங்கம் இருக்கவில்லை. அக்காலத்தில் அது நூற்று இருபத்தாறு ஆட்டங்கள் ஆடியது. பத்தொன்பதில் வென்றது, பதினொன்று சமன், மீதியில் தோற்றது.

பருவத்தின் முதல் ஆட்டம் மே மாதத்து மூன்றாவது சனிக்கிழமை. எதிரணி அக்கரை வெற்றிச் சங்கம். அவுலிஸ் பழக்கத்தால் காலை ஆறு மணிக்கே எழுந்துவிட்டார். மைதானத்துக்குப் போக இரண்டு மணி வரை வீட்டில் காத்திருந்தார். கோடுகளை வேறு யாரோ போட்டிருந்தார்கள். ஒரு பக்கக் கோடு லேசாக வளைந்திருந்தது. அவர் அதைத் தாண்டிப் போனார். பெஞ்சிலிருந்த இலைகளைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார். கையில் சுட்ட சாசேஜும் கடுகும்.

முதல் விசிலைப் பார்த்தார். முன்பெல்லாம் கேட்டிருக்கிறார். பார்த்தது இதுதான் முதல் தடவை.

பத்தாவது நிமிடத்தில் நம் பையன் ஒருவன் பந்தை நம் பையன் இன்னொருவன் மேலேயே அடித்தான். இருபதாவது நிமிடத்தில் மூன்று பேர் ஒரே பந்துக்கு ஓடி, மூவருமே மற்றவர் எடுப்பார் என்று நின்றுவிட்டார்கள். எதிரணிக்காரன் நடந்து வந்து அதை எடுத்துக்கொண்டு போனான். இடைவேளைக்கு முன்பே மூன்று கோல் வாங்கியிருந்தார்கள். ஏரியில் என்சியோ துடுப்பால் பந்தைத் துரத்திக்கொண்டிருந்தார். பந்து அவரைவிட வேகமாகப் போனது.

அவுலிஸ் எழுந்திருக்கவில்லை. இரண்டாம் பாதியையும் பார்த்தார். கடைசி விசில் வரை. நான்குக்கு பூஜ்யம்.

என்சியோ படகைக் கட்டிவிட்டு முழங்கால் வரை நனைந்து வந்து பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார். பூட்ஸைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டினார்.

“எப்பவும் இப்படித்தான் ஆடுறாங்களா?” என்று அவுலிஸ் கேட்டார்.

என்சியோ இரண்டாவது பூட்ஸையும் கழற்றினார்.

“இன்னிக்குப் பரவாயில்ல” என்றார்.

அவுலிஸ் மைதானத்தைப் பார்த்தார். பையன்கள் கோல் வலையை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். ரைலி அவர்களிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

“அடுத்தது எப்போ?”

“அடுத்த சனி.”

“சரி” என்றார் அவுலிஸ். கைக்குட்டையை எடுத்து, பெஞ்சில் தான் உட்கார்ந்திருந்த இடத்தை ஒருமுறை துடைத்துவிட்டு எழுந்தார்.